இஞ்சி போட்ட கங்கா ஸ்நானம்

ரயில் நின்றும் ஒரு ஸ்டேஷனில் யாருமே இறங்கவில்லை என்றால், அதற்கு ஏதாவது ஒரு காரணம் இருக்கும். இது எல்லோருக்கும் தானாகவே தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும், தலையிலிருந்து கால் வரை நல்லெண்ணெய் சொட்டச் சொட்ட, ஒரு நாயும் சில எருமைகளும் வேடிக்கை பார்க்க, நடுவெயிலில் நின்றுதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அப்போது எனக்குப் புதிதாகக் கல்யாணமாகியிருந்தது. எனக்கென்று ஒரு கொள்கையும் இருந்தது. எல்லோரும் இறங்கும் ஸ்டேஷனில் இறங்குகிறவன் வெறும் டூரிஸ்ட், ஒருத்தரும் இறங்காத ஸ்டேஷனில் இறங்குகிறவன்தான் நிஜமான பயணி. இதை ஆபீஸ் கேன்டீனில் சொல்லியிருக்கிறேன், கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்லியிருக்கிறேன், ஒருமுறை பல் டாக்டரிடம்கூட (வாயைத் திறந்து வைத்துக்கொண்டே) சொல்லியிருக்கிறேன். செகந்திராபாத் ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸுக்கு ஓடுகிற ஜனங்களைப் பார்த்தால் எனக்கு இளக்காரம். நமக்குப் பாசஞ்சர் வண்டி, பெயர் கேள்விப்படாத ஊர், அங்கே யாருக்கும் தெரியாத ஓர் அருவி. அப்படி நான் தேடிப்போன ஓர் அருவி, உடைந்து போன குடிநீர்க் குழாயாக இருந்தது. அதையும் போட்டோ எடுத்து, "மனிதக் காலடி படாத இடம்" என்று ஊருக்கெல்லாம் அனுப்பினேன். போட்டோவின் ஓரத்தில் ஒருவர் பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

என் மனைவி சுகந்திக்கு விருதுநகர். மாமனாருக்கு அங்கே எண்ணெய் மண்டி. நல்ல மனிதர், ஆனால் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசமாட்டார். நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். "மாப்பிள்ளை காபி குடிப்பாரான்னு கேளும்மா" என்று மகளிடம் கேட்பார். மகள் என்னைக் கேட்பாள். நான் குடிப்பேன் என்று மகளிடம் சொல்வேன். மகள் அப்பாவிடம் சொல்வாள். காபி வருவதற்குள் ஆறிவிடும்.

அத்தை வேறு மாதிரி. ஒரே பெண்ணைப் பெற்றவர். மாப்பிள்ளைக்குத் தலை தீபாவளியன்று தன் கையால் எண்ணெய் வைத்து, வெந்நீர் ஊற்றி, கங்கா ஸ்நானம் செய்து வைக்க வேண்டும் என்பது, சுகந்தி பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அவர் மனத்தில் இருந்த ஆசை. அதற்கென்றே ஒரு வெள்ளிச் செம்பு வாங்கிப் பீரோவில் துணி சுற்றி வைத்திருந்தார்.

அந்தத் தலை தீபாவளிக்கு நான் போகவில்லை. ஆபீசில் லீவு கிடைக்கவில்லை. ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியின் சாப்ட்வேர் அன்றைக்குத்தான் படுப்பேன் என்று அடம்பிடித்துப் படுத்துவிட்டது. அத்தை போனில் கோபித்துக்கொண்டிருந்தால் தாங்கியிருப்பேன். "பரவாயில்ல மாப்பிள்ளை, உங்க வேலைதானே முக்கியம்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. (இரவு ஒரு பிரியாணி இறங்கியது. அது வேறு கணக்கு.)

அடுத்த வாரமே இரண்டு பேரும் ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். கையில் முறுக்கு டின், அதிரசம், எனக்குப் பட்டு வேட்டி சட்டை, தீபாவளி லேகியம், வெள்ளிச் செம்பு. மாமா தோளில் அவர் மண்டியிலிருந்தே கொண்டுவந்த எண்ணெய் கேன்.

"சனிக்கிழமை நல்ல நாளு. இங்கனயே மாப்பிள்ளைக்கு எண்ணெய் வச்சுருவோம்" என்றார் அத்தை. முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

எங்கள் பாத்ரூமில் ஹீட்டர் உண்டு. பக்கெட் உண்டு. கிழக்குகூட உண்டு. அரை மணி நேரத்தில் முடிந்து, ஒன்பது மணிக்கு இட்லி சாப்பிட்டிருக்கலாம். ஆனால் நான்தான் நிஜமான பயணி ஆயிற்றே!

"ஹீட்டர் தண்ணியா? நக்கோ, வேண்டாம்!" என்றேன். "ஒரு இடம் இருக்கு அத்தை. மகாராஷ்டிரா பார்டர் பக்கம். பூமிக்குள்ளேருந்தே வெந்நீர் வருது. ஊத்து! ஸ்டேஷன்லேருந்து பொடி நடை. ஒருத்தருக்கும் தெரியாது."

"ஒருத்தருக்கும் தெரியாதது ஒனக்கு எப்படித் தெரிஞ்சது?" என்றாள் சுகந்தி. நான் காதில் வாங்கவில்லை. இன்டர்நெட்டில் எவனோ எழுதியிருந்தான். இவ்வளவு தூரம் எழுதியவன் பொய்யா சொல்வான்?

"கங்கா ஸ்நானம் மாதிரியே இருக்குமா மாப்பிள்ளை?" என்று அத்தை கேட்டார்.

"கங்கையிலயே வெந்நீர் கிடையாது அத்தை. இது அதுக்கும் மேல."

அத்தை மயங்கிவிட்டார். மாமா மகளிடம், "மாப்பிள்ளை நல்லா விசாரிச்சிருக்காரான்னு கேளு" என்றார். விசாரித்திருக்கிறேன் என்று மகளிடம் சொன்னேன்.

என் அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. இங்கே பெரிய அரசு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தமிழைவிட இந்த ஊர்ப் பேச்சு நாக்கில் அதிகம் புரளும். "கைக்குடா உனக்கு இந்த வேலை?" என்றார், எதற்கடா என்ற அர்த்தத்தில். நீங்களும் வாருங்கள் என்றேன். "அந்த அருவிக்கு வந்தவன்டா நான். போதும்."

சனிக்கிழமை காலை செகந்திராபாத்தில் பாசஞ்சர் ஏறினோம். இங்கேதான் என் மூளை இன்னும் ஒரு படி மேலே போனது. நாங்கள் போகும் வண்டி, அடுத்து சற்றுத் தூரத்தில் இருக்கும் கடைசி ஸ்டேஷன் வரை போய்விட்டு அப்படியே திரும்பி வரும். அதை விட்டால் மறுநாள்தான். இடையில் இருக்கும் நேரத்துக்குள் நடந்துபோய், எண்ணெய் தேய்த்து, ஊறி, குளித்து, திரும்ப வேண்டும். நேரம் போதாது.

"ஊறுற நேரத்தை மிச்சம் பண்ணிடலாம் அத்தை. ரயில்லயே எண்ணெய் வச்சுருங்க. இறங்கி நேரா தண்ணிக்குள்ள!"

இதைச் சொன்னபோது எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு வேலை! கம்ப்யூட்டரே அப்படித்தானே வேலை செய்கிறது.

அத்தை முதலில் தயங்கினார். பிறகு, "நல்லதுதானே. எண்ணெய் நல்லா ஊறட்டும்" என்று எழுந்து புடவையை இழுத்துச் செருகினார். மர சீட்டில் நியூஸ் பேப்பர் விரித்தார்கள். நான் சட்டையையும் பனியனையும் கழற்றிவிட்டுப் பழைய வேட்டியோடு கிழக்கு பார்த்து உட்கார்ந்தேன். அத்தை குங்குமம் எடுப்பதற்குள் தண்டவாளம் வளைந்து, கிழக்கு ஜன்னலுக்கு வெளியே நகர்ந்து போய்விட்டது. மாமா சூரியனைப் பார்த்து, "மாப்பிள்ளையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பச் சொல்லு" என்றார். திரும்பினேன். வண்டியும் திரும்பியது. கடைசியில் எதிர் சீட்டுக்காரரின் மடிக்கு மிக அருகில் கிழக்கு அமைந்தது. அவர் எழுந்து போய்விட்டார்.

அத்தை வெற்றிலையால் எண்ணெயைத் தொட்டு என் தலையில் மூன்று முறை வைத்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. "நல்லாருக்கணும் மாப்பிள்ளை" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மாமா எண்ணெய் வியாபாரி. அவர் வீட்டு எண்ணெய் மூன்று சொட்டோடு நிற்குமா? கேனைச் சாய்த்து இரண்டு கையிலும் ஊற்றிக்கொண்டு வந்தார். தலை, முகம், முதுகு, காதுக்குள், காலிடுக்கு எல்லாம் அரக்கித் தேய்த்தார். "செக்குல ஆட்டுனது. கருப்பட்டி போட்டு ஆட்டுனது. அம்புட்டு லேசுல போகாதுன்னு சொல்லு" என்று மகளிடம் சொன்னார். மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பது போன்ற ஒரு பார்வை.

பக்கத்துப் பெட்டியிலிருந்தெல்லாம் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு தெலுங்குக்கார அம்மா, "ஏமைந்தம்மா பாபுக்கி?" என்று பதறிப்போய்க் கேட்டார். பையனுக்கு என்ன ஆச்சாம். அத்தை பெருமையோடு தமிழில், "தலை தீபாவளி" என்றார். அது என்ன வியாதியோ என்று அந்த அம்மா உச்சுக்கொட்டி, எனக்கு ஒரு சாத்துக்குடி கொடுத்தார். கையிலிருந்து வழுக்கி அது மூன்று சீட் தள்ளிப் போய் நின்றது.

எங்கள் ஸ்டேஷன் வந்தது. பெயரைச் சொல்லமாட்டேன், அங்கே நல்லவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் நால்வர் மட்டும்தான் இறங்கினோம். நான் பிடித்த கம்பியில் பிடி நிற்காமல், இறங்குவதற்குப் பதிலாக வழுக்கி வந்து பிளாட்பாரத்தில் சேர்ந்தேன். கடைசிப் பெட்டியிலிருந்து பச்சைக் கொடியோடு கார்டு என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே போனார். வண்டி வளைவில் மறையும் வரை அவர் தலை வெளியேதான் இருந்தது.

பொடி நடை என்று எழுதியிருந்தவன் எப்படிப்பட்ட நடைக்காரனோ. பருத்திக் காட்டு நடுவே புழுதிப் பாதை போய்க்கொண்டே இருந்தது. என் செருப்பு நான்கு அடிக்கு ஒருமுறை காலை விட்டு முன்னே போனது. காற்று அடிக்க அடிக்கப் புழுதி என் மேல் படிந்தது. மாமா சொன்னது சரி, அந்த எண்ணெய் ஒன்றையும் விடாது. சற்று நேரத்தில் மாவில் புரட்டியெடுத்த வாழைக்காய் பஜ்ஜியாக, போட மட்டும் பாக்கி என்ற நிலையில் இருந்தேன். எங்கிருந்தோ ஒரு நாய் வந்து என் முழங்காலை நக்கிக்கொண்டே கூட வந்தது.

ஊற்று இருந்தது! அதைச் சொல்லியே ஆகவேண்டும். சின்னக் கோயில், அதன் முன்னால் கருங்கல் படிக்கட்டோடு ஒரு தொட்டி, தெளிவான தண்ணீர், மேலே மெல்லிய ஆவி. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாத்தீங்களா!" என்று நான் நெஞ்சை நிமிர்த்திப் படியில் கால் வைத்தேன்.

பீப்பீ என்று ஒரு விசில்.

கோயிலைப் பார்த்துக்கொள்பவர் போலிருக்கிறது, கட்டை மீசையோடு ஓர் ஆள் ஓடிவந்தார். "தேல் லகாக்கே அந்தர் நக்கோ ஜாவ்!" எண்ணெயோடு உள்ளே போகக்கூடாது. புனிதத் தண்ணீர். எண்ணெய், சோப்பு, சீயக்காய் எதுவும் ஆகாது. இங்கே இறங்குகிறவர்கள் சுத்தமாகக் குளித்துவிட்டுத்தான் வரவேண்டும்.

"குளிக்கத்தானே வந்திருக்கோம்?" என்றேன்.

"ஹவ். பைலே நஹாகே ஆவ்" என்றார். முதலில் குளித்துவிட்டு வா. பிறகு குளிக்கலாம்.

வெளியே நின்று செம்பில் மொண்டு ஊற்றிக்கொள்கிறோம் என்று கெஞ்சினேன். தண்ணீரை வெளியே எடுக்கக்கூடாதாம். இவ்வளவு எண்ணெயோடு வந்தவனுக்கு வேறு வழியே இல்லையா என்றேன். அவர் கோயிலுக்குப் பின்னால் கை காட்டினார். தொட்டியில் நிரம்பி வழிந்த தண்ணீர் அங்கே ஒரு குட்டையாகத் தேங்கியிருந்தது. வெதுவெதுப்பாகத்தான் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அத்தனை எருமைகள் கண்ணை மூடிக்கொண்டு சுகமாகக் கிடந்திருக்காது. அதில் ஒன்று கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, சற்று நகர்ந்து இடம்கூட விட்டது.

நான் ஒரு நிமிஷம் யோசித்தேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

"எம் மாப்பிள்ளைக்குத் தலை தீபாவளி, எருமையோடயா?" என்று மாமா வெடித்தார். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அத்தை வெள்ளிச் செம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எண்ணெய் வச்சாச்சு. தண்ணி ஊத்தாம ஊரு திரும்புனா நல்லதில்லடி" என்று சுகந்தியிடம் சொன்னார். "அன்னிக்கும் நடக்கல. இன்னிக்கும் பாதியில நிக்குது. எனக்குக் குடுத்து வைக்கல போல." அழாமல் இருப்பதற்காக முந்தானையின் நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

எனக்கு அந்த எருமைக் குட்டையிலேயே மூழ்கிவிடலாம் போலிருந்தது. பாத்ரூம் ஹீட்டரின் சிவப்பு விளக்கு கண்முன்னே வந்து போனது. சுகந்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் இன்று வரை பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

திரும்ப நடந்தோம். ஸ்டேஷனில் குழாயைத் திறந்தால் காற்று வந்தது. ஓரத்தில் ஓர் அடிபம்பு இருந்தது. "பச்சைத் தண்ணியே ஊத்துங்க அத்தை, எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன். "கங்கா ஸ்நானம் வெந்நீர்லதான். பச்சைத் தண்ணி ஊத்தவா இம்புட்டு தூரம் வந்தேன்?" என்றார் அத்தை.

பிளாட்பாரக் கோடியில் ஒரு டீக்கடை. ஓர் அம்மா, வரப்போகும் வண்டிக்காகப் பெரிய அலுமினியக் குண்டானில் டீக்குத் தண்ணீர் கொதிக்க வைத்திருந்தார். அத்தை அதைப் பார்த்தார். விறுவிறுவென்று போனார். அவருக்குத் தெலுங்கு தெரியாது, இந்தி தெரியாது, அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க நான் கிட்டே போவதற்குள் (செருப்பு முன்னே போய்விட்டது, அதைப் பிடித்துக்கொண்டு) பேச்சே முடிந்துவிட்டது. அத்தை சுகந்தியைக் காட்டினார், தன் தாலியைத் தொட்டுக் காட்டினார், என்னைக் காட்டினார், செம்பைத் தூக்கிக் கவிழ்ப்பது போலச் செய்து காட்டினார்.

டீக்கடை அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அல்லுடா?" என்றார்.

மருமகன்தானா என்று கேட்கிறார் என்றேன். அத்தை பலமாகத் தலையாட்டினார். அந்த அம்மாவுக்கும் ஒரு மருமகன் இருந்திருக்க வேண்டும். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, குண்டானை அடுப்பிலிருந்து துணி பிடித்து இறக்கினார். இஞ்சி தட்டிப் போட்டாகிவிட்டது, ஏலக்காயும் போட்டாகிவிட்டது. தூளும் பாலும் சர்க்கரையும்தான் பாக்கி. நல்ல வேளை, அந்த மூன்றுக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தோம்.

அடிபம்புத் தண்ணீரில் விளாவி, ஸ்டேஷனின் மஞ்சள் போர்டுக்குக் கீழே என்னைக் கிழக்கு பார்க்க உட்கார வைத்தார்கள். (இந்தக் கிழக்கு நகரவில்லை.) முதல் செம்பு தலையில் விழுந்ததும் உடம்பெல்லாம் இஞ்சி டீ வாசனை. மாமா சீயக்காய்ப் பொடியை அள்ளித் தேய்த்தார். அது எண்ணெயில் போகவில்லை, கண்ணில் போனது. "ஐயோ! அம்மா!" என்று நான் கத்திக்கொண்டிருந்த போதுதான் தூரத்தில் வண்டியின் சத்தம் கேட்டது.

கண்ணைத் திறக்க முடியவில்லை. ஆனால் காது நன்றாகக் கேட்டது. வண்டி வந்து நின்றது. எனக்கு நேராக. ஜன்னல் ஜன்னலாகச் சிரிப்பு, போன்களின் கிளிக் கிளிக். ஒரு குழந்தை என்னைக் காட்டித் தனக்கும் அங்கேயே குளிக்க வேண்டும் என்று அழுதது. கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கி வந்தது அதே கார்டு.

"அபீ தக் நஹாயா நை?" என்றார். இன்னுமா குளித்து முடிக்கவில்லை? காலையில் எண்ணெயோடு இறங்கிய ஆள் இப்போதுதான் நுரையோடு உட்கார்ந்திருக்கிறான் என்றால் அந்த மனிதர் என்னதான் நினைப்பார்.

"மாப்பிள்ளை, போதும், ஏறிரலாம்" என்று சுகந்தி பதட்டத்தில் என்னை மாப்பிள்ளை என்றாள். அத்தை அசையவில்லை. "இன்னும் தலை அலசல" என்றார். கார்டைப் பார்த்துக் கும்பிட்டார். அவருக்கு என்ன புரிந்ததோ, கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தண்டவாளத்தையே பார்த்தபடி நின்றார். அத்தை அவசரப்படாமல் ஊற்றினார். கடைசிச் செம்பை மட்டும் இரண்டு கையாலும் பிடித்து, ஏதோ முணுமுணுத்து, மெதுவாக ஊற்றினார். ரயிலில் யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். டீ கிடைக்காதவர்களும் தட்டினார்கள்.

ஈர வேட்டியோடு என்னை இழுத்து ஏற்றினார்கள். ஓடும் வண்டியில் பட்டு வேட்டி கட்டிக்கொண்டேன். அத்தை லேகியத்தை உருட்டி என் வாயில் போட்டுவிட்டு, "கங்கா ஸ்நானம் ஆச்சா மாப்பிள்ளை?" என்று கேட்டார். ஆச்சு என்றேன். அதற்காகவே காத்திருந்தது போல முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே சிரித்தார்.

மாமா என் எதிரில் உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் என் காதோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே இன்னும் எண்ணெய் மினுங்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும். திடீரென்று அவர் வயிறு குலுங்க ஆரம்பித்தது. சிரித்துச் சிரித்து இருமி, மகள் பக்கம் திரும்பாமல், நேராக என்னைப் பார்த்துச் சொன்னார்.

"மாப்ள, அடுத்த வருசம் நம்ம வீட்டு பாத்ரூம் போதும்ல?"

அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான். "போதும் மாமா" என்றேன். அதன் பிறகு எங்கள் வீட்டில் காபி சூடாகவே கிடைக்கிறது.

மறு தீபாவளிக்கு விருதுநகர் போனபோது, அவர்கள் வீட்டு பாத்ரூம் கதவில் ஒரு பலகை மாட்டியிருந்தது. மண்டிக்குப் போர்டு எழுதும் பெயிண்டரிடம் சொல்லி மாமா செய்தது. மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்தில் அந்த ஸ்டேஷனின் பெயர், கடல் மட்டத்திலிருந்து உயரம் உட்பட. யாராவது உள்ளே அதிக நேரம் எடுத்தால், "வண்டி கிளம்பிருச்சு!" என்று கதவைத் தட்டுவார்கள். பிறகு பிறந்த என் மகளுக்கு அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று இன்னும் தெரியாது. நான் துண்டோடு உள்ளே போனால் தெலுங்கில், "அம்மம்மா, நான்ன திகாடு!" என்று கத்துவாள். அப்பா இறங்கிவிட்டாராம்.

இந்த வருஷமும் இறங்கினேன். அத்தை வெள்ளிச் செம்போடு வந்தார். அண்டாவில் வெந்நீர் ஆவி பறந்தது. அதில் தட்டிப்போட்ட ஒரு துண்டு இஞ்சி, இரண்டு ஏலக்காய். அது இல்லாமல் ஊற்றினால் கங்கா ஸ்நானம் ஆன மாதிரியே இல்லையாம். மாமாவுக்கும் அப்படித்தான், சுகந்திக்கும் அப்படித்தான், மகளுக்கும் அப்படித்தான். தெருவே மணக்கிறது. எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, இதென்ன புதுப் பழக்கம், குளிக்கிற தண்ணீரில் போய் இஞ்சியா என்று கேட்டாராம்.

அத்தை கொஞ்சமும் தயங்காமல் சொல்லியிருக்கிறார்: "எங்க மாப்பிள்ளைக்கு ஹைதராபாத்துல்ல? அவுக ஊர்ல இதுதான் வழக்கம்."